லார்டுக்குப் பின்னால் எந்தப் பெயர்?

லண்டனில் ஒரு தொண்டு நிறுவனத்தில், நன்கொடையாளர்களோடு தொடர்பு வைத்துக்கொள்ளும் பிரிவில் வேலை பார்க்கிறேன். விருந்துக்கு யாரை அழைப்பது என்று மேலே இருப்பவர்கள் முடிவு செய்வார்கள். கடிதம், உறை, வாசலில் கொடுக்கும் பெயர் அட்டை, சாப்பாட்டு மேசையில் மடித்து நிறுத்தும் அட்டை இதெல்லாம் எங்கள் தலையில். பட்டியலில் ஒரு சர், ஒரு டேம், இரண்டு மூன்று லார்டு இல்லாத விருந்து அபூர்வம். பட்டம் வைத்திருப்பவர்கள் தங்கள் பெயர் தப்பாக அச்சாகியிருந்தால் பெரும்பாலும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். கோபம் வருவது அவர்களுடைய செயலாளர்களுக்கு. கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் ஒரு வரி கீழே இறங்கிவிட்டால், மாமா சும்மா இருந்தாலும் அத்தை விடமாட்டாரே, அந்தக் கதைதான்.

இங்கே படிக்க வரும் பிள்ளைகளும், வேலைக்குச் சேர்ந்த நண்பர்களும் இதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். ஒருவருக்குப் பல்கலைக்கழக வேந்தருக்கு மின்னஞ்சல் எழுத வேண்டியிருக்கிறது. இன்னொருவருக்கு மருத்துவமனை அறக்கட்டளைத் தலைவரை மேடையில் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறது. எல்லோரும் முதலில் படிநிலையை மனப்பாடம் செய்யப் பார்க்கிறார்கள். மேலிருந்து கீழாக டியூக், மார்க்வெஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன் என்று ஐந்து படிகள். இவர்கள்தான் பியர்கள். அதற்குக் கீழே பாரனெட், அது பரம்பரையாக வரும் சர் பட்டம். அப்புறம் ஆயுளுக்கு மட்டும் கிடைக்கும் நைட் பட்டம், பெண்களுக்கு டேம். பாரனெட்டும் நைட்டும் பியர் கிடையாது.

இந்த ஏணியைத் தெரிந்துகொள்வது நல்லதுதான். ஆனால் அன்றாட வேலைக்கு அது பெரிதாக உதவாது. காரணம், டியூக்கைத் தவிர மற்ற நான்கு படியில் இருப்பவர்களையும் பேச்சில் லார்டு என்றுதான் கூப்பிடுகிறார்கள். நேற்றுப் பட்டம் வாங்கிய பாரனும் லார்டு, முந்நூறு வருடப் பரம்பரை ஏர்லும் லார்டு. நம் பள்ளிப் பாடப் புத்தகத்தில் ரிப்பன், கர்சன், மவுண்ட்பேட்டன் எல்லோரும் பிரபு என்று ஒரே வரிசையில் நின்றது இதனால்தான். ரிப்பன் ஒரு மார்க்வெஸ். கர்சன் இந்தியாவுக்கு வைஸ்ராயாக வந்தபோது பாரன்.

நான் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது வேறு. பட்டத்தைப் பார்க்காதே, அதற்குப் பின்னால் நிற்பது எந்தப் பெயர் என்று பார். அவருடைய சொந்தப் பெயரா, குடும்பப் பெயரா, ஊர்ப் பெயரா? அது தெரிந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

சர், டேம் இரண்டுக்கும் பின்னால் சொந்தப் பெயர் வந்தே தீரும். முழுசாகச் சொன்னால் சர் லூயிஸ் ஹாமில்டன், சுருக்கினால் சர் லூயிஸ். சர் ஹாமில்டன் என்று ஒருவர் கிடையாது. டேம் ஜூடி டென்ச் சுருங்கினால் டேம் ஜூடி, டேம் டென்ச் இல்லை. பெயரைச் சொல்லிப் பின்னால் சார் போட்டுப் பழகிய நமக்கு இது கொஞ்சம் இடிக்கும், பழகிவிடும்.

லார்டு வந்தால் தலைகீழ். தானே பியராக இருப்பவருக்கு லார்டு என்பதற்குப் பின்னால் சொந்தப் பெயர் வரவே கூடாது. தொலைக்காட்சியில் பலர் பார்த்திருக்கக்கூடிய தொழிலதிபர் ஆலன் சுகர் நல்ல உதாரணம். 2000ல் நைட் ஆனபோது அவர் சர் ஆலன். 2009ல் பிரபுக்கள் சபைக்குப் போனதும் லார்டு சுகர். ஆலன் காணாமல் போய்விட்டார். லார்டு ஆலன் சுகர் என்று எழுதினால், யாரோ ஒரு டியூக்குக்கோ மார்க்வெஸுக்கோ இரண்டாவது மகனாகப் பிறந்தவர் என்று அர்த்தமாகிவிடும். ஏனென்றால் டியூக், மார்க்வெஸ் இவர்களின் இளைய மகன்களுக்குத்தான் லார்டு என்ற அடைமொழி சொந்தப் பெயரோடு வரும். அது மரியாதைக்குக் கொடுப்பது. அவர்கள் பியர்கள் அல்ல.

இதற்கு மவுண்ட்பேட்டனை விட நல்ல பாடம் கிடையாது. அவருடைய அப்பா 1917ல் ஜெர்மானியப் பட்டங்களை விட்டுவிட்டு மில்ஃபர்ட் ஹேவன் மார்க்வெஸ் ஆனார். அதனால் இளைய மகன் லார்டு லூயி மவுண்ட்பேட்டன் ஆனார். அது அப்பாவால் வந்த லார்டு. 1946ல் அவரே வைகவுண்ட் ஆக்கப்பட்டபோது லூயி உதிர்ந்து லார்டு மவுண்ட்பேட்டன் ஆனார். 1947 மார்ச்சில் டெல்லியில் வந்து இறங்கியவர் ஒரு வைகவுண்ட். அந்த வருடக் கடைசிக்குள் ஏர்ல் ஆகிவிட்டார். கூப்பிடுவதில் மாற்றம் ஏதுமில்லை, அப்போதும் லார்டு மவுண்ட்பேட்டன்தான்.

வின்ஸ்டன் சர்ச்சிலின் அப்பா லார்டு ராண்டால்ஃப் சர்ச்சிலும் இப்படித்தான். மார்ல்பரோ டியூக்கின் இளைய மகன். பியர் இல்லாததால் மக்கள் சபையில் உட்கார்ந்து நிதியமைச்சராகவும் இருந்தார். அந்த லார்டு பிள்ளைக்கு இறங்காது. வின்ஸ்டன் வெறும் மிஸ்டர். 1953ல் கார்ட்டர் விருது வாங்கிய பிறகுதான் சர் வின்ஸ்டன்.

மூத்த மகன் கணக்கு தனி. டியூக், மார்க்வெஸ், ஏர்ல் மூவரிடமும் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட பட்டங்கள் இருக்கும். அவற்றில் ஒரு சின்னப் பட்டத்தை மூத்த மகன் அப்பா காலத்திலேயே பயன்படுத்திக்கொள்வார். வெலிங்டன் டியூக்கின் மூத்த மகன் டூரோ மார்க்வெஸ், மார்ல்பரோவின் மூத்த மகன் பிளாண்ட்ஃபர்ட் மார்க்வெஸ். அப்பா, மகன், அம்மா மூவரும் ஒரே விருந்துக்கு வந்தால் மூன்று அட்டையிலும் பொதுவான பெயர் என்று ஒன்றுமே இருக்காமல் போகலாம். ஒரே குடும்பம் என்று தெரியாமல் மேசைக்கு மேசை பிரித்து உட்கார வைத்துவிடும் ஆபத்து உண்டு.

பெண்கள் பக்கம் வந்தால் இன்னும் சுவாரசியம். லேடி என்பதற்குப் பின்னால் சொந்தப் பெயர் இருந்தால், அவர் டியூக், மார்க்வெஸ், ஏர்ல் மூவரில் ஒருவருக்குப் பிறந்த மகள். டயானாவை லேடி டயானா ஸ்பென்சர் என்றார்களே, அது 1975க்குப் பிறகு. அந்த வருடம்தான் தாத்தா இறந்து அப்பா ஏர்ல் ஸ்பென்சர் ஆனார். அதற்கு முன் அவர் தி ஹானரபிள் டயானா. லேடி என்பதற்குப் பின்னால் குடும்பப் பெயரோ பட்டப் பெயரோ இருந்தால் அவர் ஒரு பியரின் மனைவி, அல்லது பாரனெட் அல்லது நைட்டின் மனைவி, அல்லது தானே பிரபுக்கள் சபையில் இருப்பவர். மூன்றாவது வகையினரில் சிலர் பாரனஸ் என்று அழைக்கப்படுவதை விரும்புவார்கள், சிலர் லேடி போதும் என்பார்கள். கேட்டுவிடுவது நல்லது. ஆணைப் பேச்சில் பாரன் இன்னார் என்று யாரும் கூப்பிடுவதில்லை.

எனவே தம்பதிக்கு உறை எழுதும்போது, சர் ஜான் அண்ட் லேடி ஸ்மித். இதில் மேரி என்று மனைவியின் பெயரை நடுவில் சேர்த்தால் அவரை ஏதோ ஒரு ஏர்லின் மகள் ஆக்கிவிடுகிறோம். புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் மேரியைச் சேர்க்கப் பார்க்கிறார்கள். பெண்ணுக்குச் சொந்தப் பெயர் இல்லாமல் எழுதுவது அவர்களுக்கு மனசுக்கு ஒப்பவில்லை. எனக்கும்தான் ஒப்பவில்லை. ஆனால் விதி அது.

ஒப்பாததில் இன்னொன்று: டேம் பட்டம் வாங்கிய பெண்ணின் கணவருக்கு ஒன்றுமே கிடையாது. சர் ஆனால் மனைவி தானாக லேடி. டேம் ஆனால் கணவர் மிஸ்டராகவே இருப்பார். பாரனஸின் கணவரும் அப்படியே. எங்கள் மேசையில் ஒரு தடவை அப்படி ஒரு கணவர் தன் அட்டையைத் தூக்கிப் பார்த்து, "இன்றைக்கும் மிஸ்டர்தான்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

டியூக் அல்லது மார்க்வெஸின் இளைய மகனுடைய மனைவி தன் பெயரையே முழுசாக விட்டுவிட்டுக் கணவர் பெயரை எடுத்துக்கொள்வார். வின்ஸ்டனின் அம்மா ஜென்னி, நியூயார்க்குக்காரர், திருமணத்துக்குப் பிறகு லேடி ராண்டால்ஃப் சர்ச்சில். அரச குடும்பத்தில் இன்றைக்கும் பிரின்சஸ் மைக்கேல் ஆஃப் கென்ட் இருக்கிறார். அவர் பெயர் மேரி கிறிஸ்டின், மைக்கேல் கணவர். முதல் முறை இந்தப் பெயரைப் பட்டியலில் பார்த்த ஒரு தற்காலிக ஊழியர், தட்டச்சுப் பிழை என்று நினைத்துத் திருத்தப் போனார். நல்ல வேளையாகக் கேட்டுவிட்டுச் செய்தார்.

டியூக்குக்கு மட்டும் லார்டு போடக் கூடாது. கடிதத்தில் டியர் டியூக், நேரில் டியூக். யுவர் கிரேஸ் என்பது மிகச் சம்பிரதாயமான இடத்துக்கும், அவருடைய பணியாளர்களுக்கும். அரச குடும்பத்துக்கு வெளியே டியூக்குகள் முப்பது பேருக்கும் குறைவு என்பதால் இந்தக் கவலை அடிக்கடி வராது. அரசரைச் சந்திக்கும் வாய்ப்பு வந்தால் முதல் தடவை யுவர் மெஜஸ்டி, அதற்குப் பிறகு பேச்சு முழுவதும் சர். அரசிக்கு இரண்டாவது தடவையிலிருந்து மேம்.

ஹானரபிள் பற்றி ஒரு வரி. ஏர்லின் இளைய மகன்கள், வைகவுண்ட், பாரன் இவர்களின் எல்லாப் பிள்ளைகள், இவர்களுக்கு அது உண்டு. ஆனால் உறையின் மேல் மட்டும். மேசை அட்டையிலும் பேச்சிலும் வெறும் மிஸ்டர், மிஸ், மிஸஸ்.

இனி வேலைக்கு உதவும் விஷயம். எங்கள் நிறுவனத்தில் முன்பு ஒரே ஒரு எக்ஸெல் தாளில் பட்டம், முதல் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று பத்தி வைத்திருந்தார்கள். கணினி அந்த மூன்றையும் சேர்த்துக் கடிதம் அடித்துத் தள்ளும். டியர் என்பதோடு பட்டத்தையும் குடும்பப் பெயரையும் ஒட்டினால் மிஸ்டர் ஸ்மித்துக்கு சரி, லார்டு ஸ்மித்துக்கும் சரி, சர் ஜானுக்கு டியர் சர் ஸ்மித் என்று போகும். முதல் பெயரை ஒட்டினால் சர் சரியாகி லார்டு கெட்டுப்போகும். எந்தச் சூத்திரம் போட்டாலும் ஒருவர் மாட்டுவார். இப்போது ஒவ்வொருவருக்கும் மூன்று பத்தியைக் கையால் நிரப்பி வைத்திருக்கிறோம்: உறையில் எப்படி, கடிதத் தொடக்கத்தில் எப்படி, மேசை அட்டையில் எப்படி. லார்டு சுகர் மாதிரி ஒருவருக்கு உறையில் முன்னால் தி, பின்னால் இருக்கும் விருது எழுத்துகள் எல்லாம் வரும். கடிதத்தில் டியர் லார்டு சுகர். மேசை அட்டையில் லார்டு சுகர், அவ்வளவுதான். பார்க்க அலுப்பான வேலை. ஆனால் ஒரு முறை செய்தால் போதும். புத்தாண்டுக்கும் ஜூனில் அரசரின் அதிகாரப்பூர்வப் பிறந்தநாளுக்கும் விருதுப் பட்டியல் வெளியாகும்போது மட்டும் உட்கார்ந்து நம் ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்து மாற்றினால் சரி. ஓபிஇ, சிபிஇ, எம்பிஇ என்ற விருதுகளை வாங்கியவர்கள் சர் ஆவதில்லை. அந்த எழுத்துகள் பெயருக்குப் பின்னால் மட்டும்.

லார்டு ஸ்மித் என்று மட்டும் எழுதி வைப்பதும் போதாது. ஃபின்ஸ்பரி லார்டு ஸ்மித் ஒருவர், கெல்வின் லார்டு ஸ்மித் இன்னொருவர். அந்த ஊர்ப் பெயர் பட்டத்தின் பகுதி, விடக் கூடாது. ஆனால் எல்லா ஊர்ப் பெயரும் அப்படியில்லை. சுகரின் முழுப் பட்டம் பாரன் சுகர், அதற்குப் பிறகு ஒரு காற்புள்ளி, அப்புறம் ஹாக்னியில் உள்ள கிளாப்டன் என்று வரும். காற்புள்ளிக்குப் பின்னால் வருவதை யாரும் பயன்படுத்துவதில்லை. ஊர்ப் பெயரை வைத்து வீட்டைத் தேடவும் வேண்டாம். டெவன்ஷயர் டியூக்கின் மாளிகை சாட்ஸ்வொர்த் இருப்பது டெர்பிஷயரில். நார்ஃபோக் டியூக்கின் அருண்டெல் கோட்டை சசெக்ஸில்.

வாசலில் நிற்கும் தன்னார்வலர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பட்டியலைப் பட்டப் பெயரின் அகர வரிசையில் தேடுங்கள். டெவன்ஷயர் டியூக்கின் குடும்பப் பெயர் காவெண்டிஷ். ஆனால் அவரை டி எழுத்தில்தான் வைக்க வேண்டும். ஒரு மழை மாலையில் நனைந்த கோட்டோடு ஒரு பெரியவர் வந்து ஒரே ஒரு சொல்லைச் சொன்னார். மேசையில் இருந்த பெண், முதல் பெயர் என்ன என்று கேட்டாள். அவர் திரும்பவும் அதே சொல்லைச் சொன்னார். அவள் குடும்பப் பெயர் என்ன என்றாள். மூன்றாம் தடவையும் அதே சொல். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவர் ஒரு ஏர்ல். வேறு பெயர் சொல்லிப் பழக்கமே இல்லை. கையெழுத்தும் அப்படித்தான் போடுவார்கள், பட்டப் பெயர் மட்டும், முன்னால் எழுத்து ஏதும் இல்லாமல். மவுண்ட்பேட்டன் போட்டது மவுண்ட்பேட்டன் ஆஃப் பர்மா என்று. பதில் அட்டையில் ஒற்றைச் சொல்லைப் பார்த்தால் யாரோ பாதியில் விட்டுவிட்டார்கள் என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

ஒரே ஆள் இரண்டு மூன்று பெயரில் பதிவாகியிருப்பதும் சகஜம். 1931ல் காந்தியோடு ஒப்பந்தம் போட்ட இர்வின் பிரபுவையும், 1938ல் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சரான ஹாலிஃபாக்ஸையும் வேறு வேறு ஆட்கள் என்று நினைத்துப் படித்தவர்கள் எத்தனையோ பேர். எட்வர்ட் வுட் என்பவர் 1925ல் பாரன் இர்வின் ஆனார், 1934ல் அப்பா இறந்ததும் வைகவுண்ட் ஹாலிஃபாக்ஸ், 1944ல் ஏர்ல். பழைய நன்கொடைப் பதிவேட்டைத் துழாவும்போது இந்த மாதிரி ஆட்கள் கிடைத்துக்கொண்டே இருப்பார்கள். எதிர்த்திசையும் உண்டு. ஹோம் குடும்பத்தின் 14ஆவது ஏர்ல், 1963ல் பிரதமர் ஆனபோது ஏர்ல் பட்டத்தைத் துறந்து சர் அலெக் ஆனார். சர் வந்தது ஏற்கெனவே வாங்கியிருந்த திசில் விருதால். 1974ல் ஆயுட்கால பியராகத் திரும்பவும் லார்டு ஹோம். அதே 1963ல் தொழிற்கட்சிக்காரர் டோனி பென் வைகவுண்ட் பட்டத்தை உதறினார். அவருக்கு வேறு விருது இல்லை, அதனால் மிஸ்டர்.

நம் பெயர்களிடம் வந்தால் இந்த விதி திணறுகிறது. இலங்கைத் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனில் இராமநாதன்தான் அவர் பெயர், பொன்னம்பலம் அப்பா. ஆங்கிலேயர் விதிப்படி முதலில் நிற்பதை எடுத்தால் சர் பொன்னம்பலம் என்று அப்பாவுக்குப் பட்டம் போய்விடும். நம் ஆட்கள் சர் இராமநாதன் என்றார்கள். மனைவி லேடி இராமநாதன் ஆனது விதிக்கும் பொருந்தியது. பிட்டி தியாகராயரை சர் தியாகராயர் என்றதும் சரியே. சிதம்பரத்தில் பிறந்து நோபல் வாங்கிய வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்குக் கணக்கு நேர்மாறு. அவர் பெயர் முதலில், அப்பா பெயர் பின்னால். 2012ல் நைட் ஆனார், அதனால் சர் வெங்கி. பட்டியலில் தமிழ்ப் பெயரோடு ஒரு சர் வந்தால், எது அவர் பெயர் என்று அலுவலகத்தில் என்னிடம்தான் கேட்பார்கள். தெரியாதபோது அவருடைய அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்துவிடுவேன்.

இந்தியக் குடியுரிமை வைத்திருப்பவர்களுக்கு சர் வராது. நம் அரசியல் சட்டத்தின் 18ஆவது பிரிவு வெளிநாட்டுப் பட்டங்களைத் தடுக்கிறது. பிரிட்டிஷ் தரப்பிலும் அரசரைத் தலைவராகக் கொள்ளாத நாட்டவருக்கு கௌரவ விருதுதான். பெயருக்குப் பின்னால் எழுத்துகள் போடலாம், முன்னால் சர் போடக் கூடாது. 2014ல் ஜிபிஇ என்ற உயர் விருதை கௌரவமாக வாங்கிய ரத்தன் டாடா மிஸ்டர் டாடாவாகவே இருந்தார். பில் கேட்ஸும் சர் இல்லை.

சந்தேகம் வந்தால் டெப்ரெட்ஸ் என்ற பழைய நிறுவனத்தின் வழிகாட்டியைப் பார்ப்போம். இந்த விஷயத்தில் இங்கே பலரும் கேட்கும் பேச்சு அதுதான். அதிலும் தீராதது இருக்கும். ஸ்காட்லாந்தில் சில குலத் தலைவர்களுக்கு மிஸ்டரும் இல்லை லார்டும் இல்லை, டியர் லொக்கீல் என்று தலைமைப் பெயரை மட்டும் எழுத வேண்டும். என் மேலாளர் ஸ்காட்லாந்துக்காரர், அந்தப் பகுதி முழுவதையும் அவரிடமே விட்டுவிட்டேன்.

அப்புறம் இணையத்தில் விற்கும் லார்டுகள். ஸ்காட்லாந்தில் கைக்குட்டை அளவு நிலம் வாங்கினால் இன்று முதல் நீங்கள் லார்டு அல்லது லேடி என்று சான்றிதழ் அனுப்புவார்கள். ஊரிலிருந்து வரும் உறவினர்கள் பிறந்தநாள் பரிசாக வாங்கலாமா என்று கேட்பதுண்டு. சட்டப்படி அது எந்தப் பட்டமும் இல்லை. அந்த மாதிரி நினைவுத் துண்டுகளை ஸ்காட்லாந்து நிலப் பதிவேடு பதிவதும் இல்லை. லாயிட் ஜார்ஜ் பிரதமராக இருந்த காலத்தில் உண்மையான பட்டங்களையே காசுக்கு விற்றார்கள், அந்த நாற்றத்தில்தான் 1925ல் பட்டம் விற்பதைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது. இணையக் கடைக்காரர்கள் விற்பது பட்டமே இல்லை, நிலமும் ஒரு சான்றிதழும் என்பதால் அவர்கள் வியாபாரம் நடக்கிறது. சுவரில் மாட்ட விரும்பினால் வாங்கிக்கொள்ளுங்கள். விசா விண்ணப்பத்திலும் வங்கிப் படிவத்திலும் எழுதாதீர்கள்.

எங்கள் விருந்துக்கும் அப்படி ஒருவர் நுழைவுச்சீட்டு வாங்கியிருந்தார். பட்டம் என்ற இடத்தில் லார்டு, அடுத்து முதல் பெயர், அடுத்து குடும்பப் பெயர். அந்த வரிசையைப் பார்த்ததும் மேலாளரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். டியூக்கின் மகனா என்று தேடினோம், இல்லை. அவர் எழுதியபடியே வாசல் அட்டையை அச்சடித்தோம், பணம் கட்டிய விருந்தினர். உட்கார வைக்கும் வரிசையில் மட்டும் மிஸ்டர்களோடு சேர்த்துவிட்டோம்.